கஜு சுகம் என்று சொன்ன ஆறு சனிக்கிழமைகள்

மொன்ட்ரியால்
மார்ச் 5, வியாழக்கிழமை

என் அன்பு மகள் றொஷினிக்கு,

மடு மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் அம்மாவும் குளிரோடும் தவக்காலத்தோடும் நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறோம், அங்கே உனக்கு வெயில் காலம் முடிகிற நேரம், நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்க அப்பா ஏன் கொப்பித்தாள் கிழித்து எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் என்றால் நான் பொய் சொல்லிவிடுவேன் பிள்ளை, உன் குரலைக் கேட்டதும் வாய் தன்பாட்டில் பொய்யை எடுத்து வைத்துவிடுகிறது, ஆறு கிழமையாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், தபாலில் போட்டால் நியூசிலாந்துக்கு வந்து சேர மூன்று கிழமையாகும், அவ்வளவு நாள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருக்க என்னால் ஏலாது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கஜு வீட்டில் இல்லை. ஜனவரி பத்தொன்பதாம் திகதி அவனை நான் தொலைத்துவிட்டேன். தொலைத்தது நான்தான், அம்மா இல்லை, வேறு யாரும் இல்லை. சாப்பிட்டான், படுத்திருக்கிறான், நல்லாய் ஓடுறான் என்று உனக்கு நான் சொன்னதெல்லாம் பொய். உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், வாசித்து முடிக்கும் வரை கோபத்தை அடக்கிக்கொள், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசு.

நீ போன ஜூனில் வேலைக்குப் புறப்பட்டபோது கஜுவை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன தாள் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் ஓட வேண்டும், நடை போதாது, இவன் நரி வேட்டைக்கு வளர்த்த நாய் இனம், ஓடாவிட்டால் உடம்பு சும்மா இருக்காது, வீட்டை உடைப்பான். பதினைந்து மீற்றர் கயிறு, ஒருநாளும் அவிழ்க்கக்கூடாது. மூக்குக்கு வேலை கொடுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் காது துடைக்க வேண்டும். வெங்காயம் படவே கூடாது. எல்லாவற்றையும் வேதம் போலப் பிடித்தேன் பிள்ளை, உனக்குத் தெரியும். காலையில் ஆறு மணிக்கு அவன் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து மூச்சு விடுவான், நான் எழும்பும் வரைக்கும் நகரமாட்டான். கூயின் வீதி நெடுக ஆற்றோரமாகப் போவோம், நான் நடப்பேன், அவன் கயிற்றின் நீளத்துக்கு ஓடித் திரும்பி வருவான், பனிக்காலத்தில் வீதி உப்பு பாதத்தைக் கடிக்காமல் இருக்க நீ வாங்கி வைத்த மெழுகைப் பூசித்தான் வெளியே கொண்டுபோவேன். துவாயைச் சுருட்டி அதற்குள் தீனியை ஒளித்து மூக்கால் தேடச் செய்யச் சொன்னாய், பிஸ்கட்டை அவன் மதிக்கவில்லை, நான் பாரைக் கருவாட்டைச் சின்னச் சின்னதாக வெட்டி வீடு முழுக்க ஒளித்தேன். அம்மா ஒரு நாள் சோபாவைத் தூக்கிவிட்டு, அப்பருக்கும் நாய்க்கும் சேர்த்து ஒரு கருவாட்டு வாடி அடிச்சுத் தாறன், அங்கை போய் இருங்கோ என்று ஏசினார். அதே அம்மா அவனுக்கென்று வெங்காயம் போடாமல் தனியாகக் கோழி அவித்தார். பெரிய வெள்ளிக்கு முதல் வந்த வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கும் இறைச்சி இல்லை என்று போன வருடம் நிறுத்தியபோது நீ சண்டை பிடித்தது ஞாபகம் இருக்கும். இந்தத் தவக்காலத்தில் நிறுத்துவதற்கு ஆள் இல்லை.

அவனை வளர்த்த, போஸ் என்ற ஊர்ப் பக்கத்து வேட்டைக்காரன் ஏன் கைவிட்டான் என்று நீ சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு அவன் மேல் பிடிப்பு வந்தது, அதற்கு முதல் நாய் நாய்தான். வெடிச் சத்தம் கேட்டால் படுத்துவிடுகிறான், வேட்டைக்கு உதவான் என்று தள்ளிவிட்டார்களாம். எனக்கும் அந்தச் சத்தம் ஆகாது. போன கோடையில் வாணவேடிக்கை நடந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருந்தோம், அம்மா வெளியில் நின்று தண்ணீர்க் காசு என்று கத்தினார். இதை உனக்குச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

ஜனவரியில் எனக்கு முழங்கால் சரியில்லை. புதுவருடத்துக்குப் பிறகு நீண்ட ஓட்டத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை, காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம் என்று குறைத்துவிட்டேன். நீ எழுதி வைத்தபடியே நடந்தது. கதவு நிலையை அரித்தான், என் சப்பாத்தில் ஒன்றைத் தின்றான், பனி அள்ள வருகிறோம் காரை எடுங்கள் என்று வீதியில் அந்த வண்டி ஊதும்போதெல்லாம் கழுத்தை உயர்த்தி ஊளை இழுத்தான், அது குரைப்பில்லை, அந்த இனத்தின் நீளமான கூவல், மூன்று மாடியும் அதிரும். கீழ் வீட்டு மதாம் முதலில் வந்து பொன்ஜூர் என்று வணக்கம் சொல்லிச் சிரித்தார், இரண்டாம் முறை சிரிக்கவில்லை, மூன்றாம் முறை வீட்டுக்காரனிடமிருந்து கடிதம் வந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது பிள்ளை, உள்ளதைச் சொல்கிறேன். ஓடாத குற்றம் என்னுடையது, கோபம் அவன் மேல்.

பத்தொன்பதாம் திகதி திங்கட்கிழமை பின்னேரம் நான்கு மணி இருக்கும், ஆற்றோரப் பூங்காவுக்குக் கொண்டுபோனேன். பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை குளிர், ஒரு சனம் இல்லை. இருபது நிமிடம் அவிழ்த்துவிட்டால் தன் பாட்டில் ஓடிக் களைத்துத் திரும்பி வருவான், இரவுக்குச் சத்தம் போடமாட்டான் என்று நினைத்தேன். எங்களுடைய ஊர் நாய்களெல்லாம் அப்படித்தானே, காலையில் வெளிக்கிட்டு எங்கெங்கோ திரிந்துவிட்டுச் சோற்று நேரத்துக்கு வந்துவிடும், ஒருவரும் தேடிப் போவதில்லை. வீட்டைத் தெரியாத நாய் எங்கே இருக்கிறது என்ற எண்ணம் என் தலைக்குள் அறுபத்தாறு வருடமாக இருக்கிறது, உன் தாள் ஏழு மாதம்தான் இருந்தது. கயிற்றுக் கொளுக்கி உறைந்துபோய்த் திறக்கவில்லை, அதனால் மார்புப் பட்டியையே கழற்றிவிட்டேன். என் தொலைபேசி இலக்கம் உள்ள தகடு அந்தப் பட்டியில்தான் தொங்கியது. அவன் இரண்டு வட்டம் ஓடினான், சந்தோஷமாக ஓடினான் பிள்ளை, அவன் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை, வாயைத் திறந்து சிரித்தேன். பிறகு ஓரிடத்தில் நின்று மூக்கைப் பனியில் வைத்தான். முயலோ நரியோ என்னவோ. அந்த மூக்கு கீழே போனால் காது அடைத்துவிடும் என்று நீ சொல்லியிருந்தாய். கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவே இல்லை. கரையோடு போய், நாணலுக்குள் புகுந்து, உறைந்த ஆற்றுக்கு மேலே இறங்கினான், கொஞ்ச நேரம் கூவல் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டும் வரை நின்றேன். அம்மா போன் எடுத்து எங்கை நிக்கிறியள் என்று கேட்ட பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த நாள் எங்கள் ஊர்த் தியாகலிங்கம் அண்ணை தன் காரில் ஏற்றிக்கொண்டு முழுக்கச் சுற்றினார். அவர் மூலமாகத்தான் ஜோஸ்லின் என்ற பெண் வந்தார், தொலைந்த நாய்களைத் தேடிக் கொடுப்பதைச் சம்பளமில்லாமல் செய்பவர், அறுபது வயதிருக்கும், இடுப்பளவு பனிக்குள் என்னை விட வேகமாக நடந்தார். இந்த இனத்தைத் துரத்தக்கூடாது, பெயர் சொல்லிக் கத்தக்கூடாது, பயத்தில் இருப்பான், உங்களையே அடையாளம் தெரியாது என்றார். ஒரு பின்வளவில் கமராவும் கோழி இறைச்சியும் வைத்தார். என் ஜக்கெட்டைக் கழற்றி அங்கே போடச் சொன்னார். நான்காம் நாள் கமராவில் விழுந்தான். வந்து நின்று, ஜக்கெட்டை மணந்து, ஏதோ யோசித்து, திரும்பிப் போனான். ஐந்தாம் நாளும் அப்படியே. ஜோஸ்லின் என்னிடம் கேட்டார், இவன் யாரோடு படுத்து வளர்ந்தவன் என்று. என் மகளோடு, மூன்று வருடம் அவள் கால்மாட்டில் என்றேன். அப்படியென்றால் அவளுடைய தோய்க்காத உடுப்பு ஒன்று வேண்டும், அந்த மணம்தான் இவனை உட்கார வைக்கும் என்றார்.

நாங்கள் உன் அலுமாரியைத் திறந்தோம். நீ புறப்பட்டுப் போன கிழமையே அம்மா உன் கட்டில் விரிப்பிலிருந்து சொக்ஸ் வரை எல்லாவற்றையும் தோய்த்து, மடித்து, அந்துருண்டை போட்டு அடுக்கி வைத்திருக்கிறார். பிள்ளை வந்து எடுக்கும்போது வாசமாக இருக்க வேண்டும் என்று. ஒன்றில்கூட நீ இல்லை. அம்மா அந்த அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டார். ஜோஸ்லின் அதற்கும் வழி சொன்னார். இன்றைக்கே மகளுக்குச் சொல்லுங்கள், போட்டுக் கழற்றின ஒரு சட்டையைப் பையில் கட்டி விரைவுத் தபாலில் அனுப்பட்டும், ஐந்து நாளில் வந்துவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாவாலில் வேறு விலங்குக் காப்பகம், அங்கே முறைப்பாடு கொடுப்பதென்றாலும் நாயின் தோலுக்குள் வைத்திருக்கும் சிப்பில் பெயர் உள்ளவர்தான் கொடுக்க வேண்டும், அதையும் மகளிடம் செய்யச் சொல்லுங்கள் என்றார். நான் ஏலாது என்றேன். பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி அவளுக்குச் சோதனை இருக்கிறது, தாதியாகப் பதிவு கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான், இப்போது சொன்னால் பிள்ளை உடைந்துவிடும் என்றேன். என் உடைந்த பிரெஞ்சு அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். விளங்கிக்கொண்டுதான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து தியாகலிங்கம் அண்ணையிடம் சரியா பிழையா என்று கேட்டேன். பிள்ளைக்கு இப்ப சொல்லாதேங்கோ, சோதனை முடியட்டும், பேந்து ஆறுதலாய்ச் சொல்லலாம் என்று அவரும் சொன்னார். எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆறாம் நாளுக்குப் பிறகு கமராவில் அவன் வரவில்லை. நீ சட்டை அனுப்பியிருந்தால் இருபத்தெட்டாம் திகதி வந்திருக்கும். இந்தக் கணக்கை நான் தினமும் போடுகிறேன்.

முதல் சனிக்கிழமை நீ எடுத்து வீடியோவில் கஜுவைக் காட்டச் சொன்னாய். போனின் கமரா பழுது என்றேன். அடுத்த சனிக்கிழமை உன் குரல் அடைத்திருந்தது, தடிமன் என்றாய், அம்மா கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு நீ அவனைக் காட்டச் சொல்லிக் கேட்கவே இல்லை, நல்ல காலம் என்று நினைத்தேன். சோதனை முடிந்த கிழமை சொல்லத்தான் இருந்தேன், நீ பாஸ் என்று சொன்னாய், அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட மனம் வரவில்லை. அன்றைக்கு நீ, அப்பா, கஜுவின்ரை காது துடைச்சனீங்களோ என்று கேட்டாய். ஓம் பிள்ளை, இப்பதான் துடைச்சனான் என்றேன். போனை வைத்துவிட்டு என் கன்னத்தில் நானே அறைந்தேன். இன்றைக்கும் காலையில் ஆற்றோரம் போய்வந்தேன், பையில் கருவாட்டுத் துண்டோடு. அவன் உயிரோடு எங்கேயோ யாரோ வீட்டில் இருக்கிறான் என்றுதான் என் மனம் சொல்கிறது. ஜோஸ்லின் இருக்கலாம் என்றார், இல்லை என்றும் சொல்லவில்லை.

உனக்குச் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. நான் இந்த நாட்டுக்கு வந்து அகதி விசாரணைக்குக் காத்திருந்த வருடம் என் ஐயா மன்னாரில் செத்துப்போனார். விசாரணை முடியும் வரை எனக்குச் சொல்ல வேண்டாம் என்று என் அண்ணை எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார். எழுபது நாள் எனக்குத் தெரியாது. அதற்கிடையில் நத்தார்ப் பெருநாளுக்கு ஐயாவுக்கு ஒரு சேர்ட் வாங்கி அனுப்பியிருந்தேன், கழுத்தளவு கேட்டு எழுதியும் இருந்தேன். அண்ணையோடு நான் நான்கு வருடம் கதைக்கவில்லை. அப்படிப்பட்ட நான்தான் உனக்கு இதைச் செய்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னேன், மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார், முப்பது சொன்னேன், பாரம் இறங்கவில்லை.

இவ்வளவும் எழுதின பிறகு இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. நாளைக்குத் தியாகலிங்கம் அண்ணையோடு லாவால் காப்பகத்துக்குப் போய், சிப் இலக்கம் உள்ள உன் பேப்பரைக் காட்டி, கெஞ்சியாவது முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். கொடுத்துவிட்டேன் என்ற செய்தியோடு இதை அனுப்பினால் உனக்குக் கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை

றொஷினி, போய்வந்தேன். எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

காப்பகத்தில் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். பேப்பரை வாங்கி இலக்கத்தைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள், என் அடையாள அட்டையில் செபஸ்தியாம்பிள்ளை என்ற குடும்பப் பெயரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு எழும்பி வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஜனவரி முப்பதாம் திகதி காலை, ஒருவருடைய பின்வளவில், உறை போட்டு மூடிவைத்திருந்த படகுக்குக் கீழே சுருண்டபடி கிடந்தானாம். காயமில்லை, குளிர்தான் என்று எழுதியிருக்கிறார்கள். பதினொரு நாள் தாக்குப்பிடித்திருக்கிறான். நான் இந்தக் கரையில் கருவாட்டோடு அலைந்த ஐந்து கிழமையும் அவன் இல்லை.

பிறகு அவள், உங்கள் மகளுக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிட்டோமே ஐயா, அவர்தான் எரிக்கச் சொல்லி எல்லா ஒழுங்கும் செய்தார், உங்களுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டாள். ஏதோ நினைவு வந்தவளாக, மிகவும் அழுதார், என்னோடு வேலை செய்பவர் அரை மணித்தியாலம் போனை வைக்காமல் இருந்தார் என்றும் சொன்னாள். தியாகலிங்கம் அண்ணை என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

உனக்குத் தெரியும். ஜனவரி முப்பதிலிருந்து உனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை உனக்கு இருந்தது தடிமன் இல்லை. காட்டச் சொல்லி நீ கேட்காமல் விட்டதற்குக் காரணம் அதுதான். சோதனைக்குப் பதின்மூன்று நாள் இருக்க, தெரிந்தவர் ஒருவரும் இல்லாத அந்த ஊரில், ஒரு அறைக்குள் தனிய இருந்து அழுது, முகம் கழுவிவிட்டு, எங்களுக்குப் போன் எடுத்திருக்கிறாய். எங்களுக்கும் செய்தி வந்திருக்கும், உனக்காக மறைக்கிறோம் என்று நினைத்திருப்பாய், இல்லையா. கஜு சாப்பிட்டவனோ, கஜு நித்திரையோ, காது துடைச்சனீங்களோ என்று நீ ஒவ்வொரு கிழமையும் கேட்டது எனக்கு வாயைத் திறக்க இடம் தருவதற்குத்தான். ஐந்து முறை இடம் தந்தாய். ஐந்து முறையும் நான் செத்த பிள்ளையின் காதைத் துடைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு நீ, சரி அப்பா, என்ரை முத்தத்தைக் குடுங்கோ அவனுக்கு என்று சொன்னாய். பிள்ளை, அதை எப்படிச் சொன்னாய்? எந்தப் பலத்தில் சொன்னாய்? நீ அந்த நேரம் கத்தியிருக்க வேண்டும், பொய் சொல்லாதேங்கோ அப்பா என்று என் மேல் பாய்ந்திருக்க வேண்டும். நீ பாயவில்லை, ஏனென்றால் உன்னை அப்படித்தான் நாங்கள் வளர்த்திருக்கிறோம், தூரத்தில் இருப்பவர்களை நோகப் பண்ணக்கூடாது என்று. அதை நினைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது, கஜுவை நினைத்து அழுததை விட இன்றைக்கு உன்னை நினைத்து அழுதது கூட.

அழுதுவிட்டு நேற்று எழுதியதை எடுத்து வாசித்தேன். இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன். அதிலேயே ஒரு பொய் இருக்கிறது. கிழித்துப்போட நினைத்தேன், பிறகு கிடக்கட்டும் என்று விட்டேன், பொய்யை உண்மைக்குப் பக்கத்தில் நீ பார்க்க வேண்டும். என் முழங்காலில் ஒன்றுமில்லை. ஜனவரி முழுக்க நான் அவனை ஓடக் கொண்டுபோகாததற்குக் காரணம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்ததுதான். நத்தாருக்கு முதல் அம்மாவின் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். பத்தொன்பதாம் திகதி காலையில்தான் முடிவைச் சொன்னார்கள், புற்றுநோய் என்று. அம்மா பஸ்ஸில் வரும்போது யன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார், வீட்டுக்கு வந்து உலை வைத்தார். கஜு கூவினான். கீழே மதாம் தடியால் கூரையில் தட்டினார். அந்த வீட்டுக்குள் என்னால் நிற்க முடியவில்லை, அவனைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். அவனாவது ஓடட்டும் என்று நினைத்துத்தான் அவிழ்த்தேன். சத்தத்தை நிறுத்த என்று நேற்று எழுதியது பாதிதான்.

பெப்ரவரியில் மருந்து தொடங்கினார்கள், கட்டி சுருங்கப் பார்க்கிறார்கள், ஏப்ரல் ஒன்பதாம் திகதி ஒப்பரேசன். நேரத்தோடு கண்டுபிடித்தது நல்லது என்று டொக்டர் சொல்கிறார், நான் கேட்டதை அப்படியே சொல்கிறேன், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அம்மாவுக்குத் தலைமயிர் கொட்டத் தொடங்கிவிட்டது, அதனால்தான் போன சனிக்கிழமை குரலில் மட்டும் கதைத்தார். அறிக்கைகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன், எனக்கு விளங்காததெல்லாம் தாதியான உனக்கு விளங்கும். பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ, ஒப்பரேசன் முடியட்டும் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இன்றைக்குக் காப்பகத்திலிருந்து வந்து, உனக்கு எல்லாம் தெரியும் என்று அம்மாவுக்குச் சொன்னேன். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு, என்ரை பிள்ளை தனியவோ அழுதது என்று கேட்டார். சத்தியத்தைத் திருப்பித் தருகிறேன் என்று நான் சொன்னபோது வேண்டாம் என்று மறிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கஜுவின் சாம்பலை ஒரு சின்ன மரப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் கொண்டுவந்து என் கையில் தந்தாள். அவ்வளவு ஓடினவன், இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டான். வீட்டுக்குக் கொண்டுவரக் கேட்டேன், நீ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம். திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்பு என்று ஒரு வரி எழுதலாம் என்று நினைத்தேன், எழுதினால் நீ உடனே பரவாயில்லை அப்பா என்று எழுதிவிடுவாய். அதனால் எழுதவில்லை. நாளைப் பின்னேரம், உனக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம், நீ எடுக்கும்போது என் மேல் கோபம் இருந்தால் ஏசு, அழ வந்தால் அழு, நான் போனை வைக்கமாட்டேன், அரை மணித்தியாலம் இல்லை, எவ்வளவு நேரமென்றாலும் வைக்கமாட்டேன்.

ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தையும் நல்ல மனிதர்களின் துணையையும் தர வேண்டும், அந்தோனியார் உன் வழியில் கூட வர வேண்டும் என்று அம்மாவும் நானும் தினமும் செபமாலையில் உன்னை வைக்கிறோம். பட்டினி கிடக்காதே. தனிய இருந்து அழாதே, அழுவதென்றால் எங்களுக்குக் கேட்கிற மாதிரி அழு. வேலையில் லீவு கேள். எத்தனை நாள் தருவார்கள் என்று யோசித்து நேரத்தை ஓட்டாதே, ஏப்ரல் ஒன்பதுக்கு முதல் வந்துவிடு. அம்மா உன்னைக் கேட்கமாட்டார், நான் கேட்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது பிள்ளை, வா.

இப்படிக்கு,
உன் அப்பா
பற்றிக்